நீர் மின்னாற்பகுப்பில் காந்தப்புலம்: வாயு உற்பத்தியை மேம்படுத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

நீரை மின்னாற்பகுக்கும் கலத்தின் அருகே காந்தம் வைத்தால் ஹைட்ரஜன் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்பவரிடம், எதை மாறாமல் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மின்னோட்டத்தை மாறாமல் வைத்தால் ஒரு குமிழிகூட அதிகம் வராது. மின்னழுத்தத்தை மாறாமல் வைத்தால், கலம் சரியாக வடிவமைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், மின்னோட்டம் சற்று உயரும். அதற்கேற்ப வாயுவும் கூடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் செய்யப்படும் சோதனைகளில் பெரும்பாலானவை தவறான முடிவில்தான் போய் நிற்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி கலம் கட்டுவதற்கு எவ்வளவு இடம் தருகிறதோ, அளவிடுவதற்கும் அவ்வளவு இடம் தருகிறது.

காந்தத்தால் எது மாறும், எது மாறாது

மைக்கேல் ஃபாரடே 1834-இல் வெளியிட்ட மின்னாற்பகுப்பு விதிகளின்படி, மின்முனையில் வெளிப்படும் பொருளின் அளவை அதன் வழியே சென்ற மின்னூட்டமே தீர்மானிக்கிறது. ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு உருவாக இரண்டு மோல் எலெக்ட்ரான்கள், அதாவது ஏறத்தாழ 1,92,970 கூலும் மின்னூட்டம் வேண்டும். இதிலிருந்து கணக்கிட்டால், 1 ஆம்பியர் மின்னோட்டம் 30 பாகை செல்சியசிலும் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலும் நிமிடத்துக்குச் சுமார் 7.7 மில்லிலிட்டர் உலர்ந்த ஹைட்ரஜனையும் அதில் பாதியளவு ஆக்சிஜனையும் தரும். வாயுவை நீரின் மேல் சேகரித்தால் நீராவியும் கலந்திருக்கும் என்பதால் ஹைட்ரஜன் அளவு 8.1 மில்லிலிட்டர் அளவுக்குக் காட்டும். இதைவிடக் கணிசமாக அதிகம் கிடைத்ததாக உங்கள் அளவுஜாடி சொன்னால், வாயுக்கள் கலந்துவிட்டனவா, அம்மீட்டர் தவறாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். புதிய இயற்பியலைத் தேட வேண்டியதில்லை.

மாறக்கூடியது மின்னழுத்தம். 25 பாகை செல்சியசில் நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளாமல் பிரிப்பதற்கு 1.48 வோல்ட் வேண்டும். நடைமுறைக் கலங்களில் 1.8 முதல் 2.5 வோல்ட் வரை ஆவதற்குக் காரணம், மின்முனைப் பரப்பில் வினை நிகழத் தேவைப்படும் மிகை மின்னழுத்தமும், மின்பகுளிக் கரைசலின் மின்தடையும், அந்தத் தடையை மேலும் உயர்த்துகிற வாயுக் குமிழிகளுமே. குமிழி மின்சாரத்தைக் கடத்தாது. அது மின்முனையில் ஒட்டியிருக்கும்போது அந்த இடத்தை வினையிலிருந்து விலக்கிவிடுகிறது. கரைசலில் மிதக்கும்போது மின்னோட்டம் செல்லும் பாதையைக் குறுக்குகிறது. காந்தப்புலம் முதன்மையாகக் கைவைப்பது இந்தக் குமிழிகளின் மேல்தான்.

ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்கு ஆகும் மின்சாரம், கலத்தின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுமார் 26.6 கிலோவாட் மணி. 2 வோல்ட்டில் இயங்கும் கலம் கிலோவுக்கு 53 கிலோவாட் மணி வாங்கும். அதே கலத்தில் 0.08 வோல்ட் குறைந்தால் 2 கிலோவாட் மணிக்குச் சற்று அதிகமாக மிச்சமாகும். காந்தத்தின் பயனை அளக்க இதைவிட நேர்மையான அலகு இல்லை.

விசை எவ்வளவு, எந்தத் திசையில்

மின்னோட்டம் பாயும் திரவத்தில், அந்த ஓட்டத்துக்குக் குறுக்காகக் காந்தப்புலம் இருந்தால், இரண்டுக்கும் செங்குத்தான திசையில் லாரன்ஸ் விசை எழும். ஒரு கன மீட்டர் திரவத்தின் மீது செயல்படும் விசையின் அளவு, மின்னோட்ட அடர்த்தியையும் காந்தப்புலத்தையும் பெருக்கினால் கிடைக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.1 ஆம்பியர், அதாவது சதுர மீட்டருக்கு 1000 ஆம்பியர் பாயும் கலத்தில் 0.4 டெஸ்லா புலம் இருந்தால், கன மீட்டருக்கு 400 நியூட்டன் விசை கிடைக்கும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 9800 நியூட்டன். எனவே இந்த விசை, நீரில் 4 விழுக்காடு குமிழிகள் கலந்திருந்தால் எழும் மிதப்பு விசைக்கு ஏறத்தாழச் சமம். குறைத்து மதிப்பிடக்கூடிய விசை அல்ல இது. ஆனால் காந்தம் இல்லாமலேயே குமிழிகள் தம் மிதப்பால் நீரை மேலே இழுத்துச் செல்கின்றன என்பதால், காந்தம் ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலைக்குத் துணையாக மட்டுமே நிற்கிறது என்பதையும் இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

மின்முனைகள் செங்குத்தாக நிற்கும் கலத்தில் மின்னோட்டம் கிடைமட்டமாகப் பாயும். விசை மேல்நோக்கி அமைய வேண்டுமானால், காந்தப்புலமும் கிடைமட்டமாக, ஆனால் மின்னோட்டத்துக்குக் குறுக்காக, மின்முனைத் தகடுகளின் அகலவாக்கில் செல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த ஃபிளெமிங்கின் இடது கை விதி இங்கே அப்படியே பயன்படும்: ஆள்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் விசை. கலத்தின் உள்ளே மின்னோட்டம் நேர்மின்முனையிலிருந்து எதிர்மின்முனைக்குப் பாய்கிறது என்பதை மறக்க வேண்டாம். நேர்மின்முனை உங்கள் இடப்புறமும் எதிர்மின்முனை வலப்புறமும் இருக்குமாறு கலத்தின் முன் நின்றால், உங்களுக்கு அருகிலுள்ள காந்தம் தன் வட துருவத்தையும், கலத்துக்கு அப்பால் உள்ள காந்தம் தன் தென் துருவத்தையும் கலத்தின் பக்கம் காட்ட வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவம் முழுவதிலும் ஒரே அளவு விசை மேல்நோக்கிச் செயல்பட்டால் திரவம் நகராது. விசை முழுவதும் அழுத்த வேறுபாடாகச் சமன்பட்டுவிடும். ஓரிடத்தில் விசை இருந்து, அதை ஒட்டிய இன்னோர் இடத்தில் விசை இல்லாமல் இருந்தால்தான் திரவம் இங்கே மேலேறி அங்கே கீழிறங்கிச் சுழலும். ஆகவே மின்முனைக்குப் பின்னால், மின்னோட்டம் பாயாத ஒரு திரும்பு பாதை கட்டாயம் தேவை. இது இல்லாத கலத்தில் எவ்வளவு வலிமையான காந்தத்தை வைத்தாலும் விளைவு மங்கலாகவே இருக்கும்.

கலத்தைக் கட்டுதல்

3 மில்லிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் தகடுகளால் ஒரு ஒடுங்கிய பெட்டியைச் செய்யுங்கள். பாலிகார்பனேட்டைக் காரம் அரிக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பெட்டியின் உள் அகலம் 22 மில்லிமீட்டர், உள் நீளம் சுமார் 42 மில்லிமீட்டர், உயரம் 100 மில்லிமீட்டர் இருக்கட்டும். மின்முனைகளாக 20 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள இரண்டு நிக்கல் தகடுகளை 10 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் முகப்பும் 10 சதுர சென்டிமீட்டர் என்பதால், 1 ஆம்பியர் செலுத்தும்போது மேலே கணக்கிட்ட மின்னோட்ட அடர்த்தி கிடைத்துவிடும். தகடுகளின் பின்புறத்தைக் காரம் தாங்கும் எபாக்சியால் பூசி மின்காப்பு செய்யுங்கள். அவற்றின் பின்னால் 15 மில்லிமீட்டர் இடமும், கீழ் விளிம்புக்கு அடியில் அதேயளவு இடமும், மேல் விளிம்புக்கு மேலே 20 மில்லிமீட்டர் ஆழத் திரவமும் இருந்தால், முன்புறம் மேலேறும் கரைசல் பின்புறமாக இறங்கித் திரும்பிவர வழி கிடைக்கும்.

நிக்கல் ஒரு ஃபெர்ரோ காந்தப் பொருள். காந்தங்களைப் பக்கத்தில் கொண்டுவரும்போது தகடுகள் இழுக்கப்பட்டு நகரக்கூடும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மின்னழுத்தம் மாறிவிடும். ஆகவே தகடுகளை மேலேயும் கீழேயும் பள்ளங்களில் செருகி, அசையாதபடி இறுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகை நேர்மின்முனையாக வைத்தால் அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுள்ள ஆறு இணைதிறன் குரோமியமாகக் கரைசலில் சேரக்கூடும் என்பதால், விலை குறைவு என்று அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இரு பக்க வாயுக்களும் கலக்காமல் தடுக்க, மின்முனைகளுக்கு நடுவே ஓர் இடைத்திரை அவசியம். கார மின்னாற்பகுப்புக் கலங்களுக்கென்றே விற்கப்படும் அரை மில்லிமீட்டர் கனமுள்ள சிர்ஃபான் திரை கிடைத்தால் நல்லது. குறுகிய காலச் சோதனைக்கு நெருக்கமாக நெய்த நைலான் துணியும் போதும். திரவ மட்டத்துக்கு மேலே இடைத்திரைக்குப் பதிலாக அக்ரிலிக் தடுப்பு இருக்க வேண்டும். அதன் கீழ் விளிம்பு திரவத்துக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இரு அறைகளிலும் மின்னோட்டத்தின் திசை ஒன்றே என்பதால், ஒரே காந்தச் சோடி இரண்டு அறைகளிலும் விசையை மேல்நோக்கியே தரும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி வாயுக் குழாய் வைத்து, இரண்டையும் தனித்தனி நீர்ப்பூட்டுகளுக்குள், அதாவது குழாயின் முனை நீருக்குள் மூழ்கியிருக்கும் குப்பிகளுக்குள் செலுத்துங்கள்.

வாயுக்களை ஒன்றாகச் சேகரிக்கும் கலத்தை எந்த நிலையிலும் கட்டாதீர்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரையிலும், தூய ஆக்சிஜனில் 4 முதல் ஏறத்தாழ 94 விழுக்காடு வரையிலும் தீப்பற்றக்கூடியது. அதற்குத் தேவையான பொறி, கண்ணுக்குத் தெரியாத நிலைமின் பொறியாக இருந்தாலும் போதும். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். வாயுவை மூடிய கலனில் சேமிக்க முயலாதீர்கள்.

காந்தங்களைப் பொருத்துதல்

50 மில்லிமீட்டர் சதுரமும் 25 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரண்டு நியோடிமியம் காந்தக் கட்டிகளை, அவற்றுக்கிடையே 30 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு எதிரெதிராக நிறுத்தினால், நடுவில் ஏறத்தாழ 0.4 டெஸ்லா, அதாவது 4000 காஸ் கிடைக்கும். இரண்டையும் தடித்த இரும்பாலான ‘ப’ வடிவச் சட்டத்தின் உட்பக்கங்களில் பொருத்தினால் புலம் மேலும் கூடும். வெளியே கசிவதும் குறையும். இந்த இடைவெளியிலேயே அவை ஒன்றையொன்று சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கும். நெருங்க நெருங்க இழுவை பலமடங்காகும். விரல் நடுவில் சிக்கினால் எலும்பு முறியும். முதலில் ஒரு காந்தத்தைச் சட்டத்தில் ஒட்டி, 30 மில்லிமீட்டர் கனமுள்ள மரக்கட்டையை அதன் முன் நிறுத்தி, அதன் பிறகே இரண்டாவதைச் சட்டத்தின் ஓரத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவர வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

காந்தங்களை ஒருபோதும் கரைசலுக்குள் இறக்காதீர்கள். மேற்பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் நியோடிமியம் கலவை அரிபடும். ஹைட்ரஜனை உறிஞ்சிப் பொடியாகவும் உதிரும். சாதாரண வகைக் காந்தங்கள் 80 பாகை செல்சியசுக்கு மேல் தம் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும் என்பதால், சூடான கலங்களில் வைக்க எண்ணுபவர்கள் உயர்வெப்ப வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மின்காந்தம் பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரு வரிக் கணக்கு போதும். 1 ஆம்பியர் கலத்தில் 0.08 வோல்ட் குறைந்தால் மிச்சமாவது 0.08 வாட். எந்தக் கம்பிச்சுருளும் இந்த அளவு இடைவெளியில் 0.4 டெஸ்லாவைத் தர அதைப்போல் பலநூறு மடங்கு மின்சாரத்தைக் குடிக்கும். நிலைக்காந்தம் தவிர வேறு எதற்கும் இங்கே பொருளாதார நியாயம் இல்லை.

கரைசல்

லிட்டருக்கு ஒரு மோல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலே தொடக்கத்துக்கு ஏற்றது. கடைகளில் கிடைக்கும் வில்லைகளில் காரம் சுமார் 85 விழுக்காடும் மீதி பெரும்பாலும் ஈரமும் இருக்கும் என்பதால், லிட்டருக்கு 66 கிராம் எடுத்தால் சரியாக வரும். வாலை வடிநீரில் வில்லைகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். வில்லைகளின் மேல் நீரை ஊற்றக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டும் கட்டாயம். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சமையல் உப்பைப் பயன்படுத்தினால் நேர்மின்முனையில் குளோரின் வாயு வரும். உப்பைத் தொடவே வேண்டாம்.

காந்தம் இல்லாமல் முதல் அளவீடு

மாறா மின்னோட்டம் தரும் மின்வழங்கியை 1 ஆம்பியரில் நிறுத்தி, கலத்தின் மின்முனைகளில் நேரடியாக மல்டிமீட்டரைத் தொடுத்து மின்னழுத்தத்தைப் பதிவுசெய்யுங்கள். புதிய நிக்கல் தகடுகள் நிலைபெறச் சில மணி நேரம் ஆகும். அதுவரை மின்னழுத்தம் தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நகர்வு ஓய்ந்த பிறகு எடுப்பதே உண்மையான அளவு.

அந்த நேரத்தில் பக்கச் சுவர் வழியாகக் கைபேசியின் நெருக்கக் கேமராவால் மின்முனைகளைப் பாருங்கள். எதிர்மின்முனையின் முன்னால் ஹைட்ரஜன் நுண்குமிழிகள் பால் கலந்தாற்போல் வெண்படலமாக எழும்பும். மேலே செல்லச் செல்ல அந்தப் படலம் தடிக்கும். நேர்மின்முனையில் ஆக்சிஜன் குமிழிகள் சற்றுப் பெரியவையாக, சில இடங்களில் ஒட்டிக்கொண்டு, பக்கத்துக் குமிழியுடன் இணைந்து பருத்த பிறகே விடுபடும். காந்தம் வைத்தபின் எது மாற வேண்டும் என்பதை இந்தக் காட்சி தெளிவாகக் காட்டும்: படலம் மெலிய வேண்டும், ஒட்டியிருக்கும் குமிழிகள் சிறியதாக இருக்கும்போதே பிரிய வேண்டும்.

இனி வெப்பநிலை. இதை அலட்சியம் செய்தவரின் முடிவுகளுக்கு மதிப்பில்லை. ஒரு மோல் கரைசலின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 சீமென்ஸ் என்பதால், 10 மில்லிமீட்டர் இடைவெளியில் கரைசலின் தடையால் மட்டும் 0.5 வோல்ட் போகிறது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும், அதாவது 0.01 வோல்ட் தானாகவே குறையும். 1.48 வோல்ட்டுக்கு மேல் செலுத்தும் மின்னழுத்தம் முழுவதும் வெப்பமாக மாறுவதால், இந்தச் சிறிய கலம் அரை மணி நேரத்தில் மூன்று நான்கு பாகை சூடாவது இயல்பு. காந்தத்திடமிருந்து நாம் எதிர்பார்க்கும் பயனும் அதே அளவுதான். கண்ணாடி வெப்பமானியைத் திரும்பு பாதையில் நிறுத்தி, ஒவ்வொரு மின்னழுத்த அளவுடனும் வெப்பநிலையை எழுதுங்கள். ஒரே வெப்பநிலையில் எடுத்த அளவுகளை மட்டுமே ஒப்பிடுங்கள்.

காந்தம் வைத்து, திருப்பி, எடுத்துப் பார்த்தல்

மின்னோட்டத்தை நிறுத்தாமல் காந்தச் சட்டத்தைக் கலத்தின் மேல் மெதுவாக நகர்த்திப் பொருத்துங்கள். விசை மேல்நோக்கி இருந்தால் சில நொடிகளில் படலம் வேகமாக மேலேறுவது தெரியும், மின்னழுத்தமும் இறங்கும். வெப்பநிலை மாறாத குறுகிய நேரத்துக்குள் அளவெடுத்து, சட்டத்தை அகற்றி மீண்டும் அளவெடுங்கள். காந்தம் இல்லாத இரு அளவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் மட்டுமே நடுவில் எடுத்த அளவை நம்பலாம்.

அடுத்ததாகச் சட்டத்தை 180 பாகை சுற்றி வையுங்கள். இப்போது துருவங்கள் இடம் மாறி, விசை கீழ்நோக்கித் திரும்பும். மின்முனைகளின் இணைப்பை மாற்றிப் போட்டு இதைச் செய்யக்கூடாது. அது தகடுகளின் மேற்பரப்பையே மாற்றிவிடும். கீழ்நோக்கிய விசை குமிழிகளின் ஏற்றத்தை எதிர்ப்பதால், அவை மின்முனைகளுக்கு நடுவே தேங்கி மின்னழுத்தம் உயர்வதே எதிர்பார்க்கத்தக்கது. ஒரு திசையில் இறக்கமும் மறு திசையில் ஏற்றமும் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது லாரன்ஸ் விசையின் வேலைதான். இரு திசைகளிலும் ஒரே அளவு முன்னேற்றம் தெரிந்தால் காரணம் வேறு. அதைப் பின்னர் பார்ப்போம். என் கருத்தில் இந்தத் திருப்புச் சோதனை இல்லாத எந்த அறிக்கையையும் ஏற்க வேண்டியதில்லை.

கருவிகளையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் உள்ளே இருக்கும் ஹால் உணரி காந்தப்புலத்தையே மின்னோட்டமாகப் படிக்கும். காந்தத்துக்கு அருகில் அதை வைத்து அளந்தால், மின்னோட்டம் கூடியதாகப் பொய் சொல்லும். மின்னோட்டத்தை ஒரு ஷண்ட் மின்தடையின் (மதிப்பு தெரிந்த மிகச் சிறிய தடை) வழியாக, கலத்திலிருந்து விலகிய இடத்தில் அளப்பதே பாதுகாப்பானது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

குமிழிகள் இடைவெளியின் 10 விழுக்காட்டை அடைத்திருந்தால், கரைசலின் கடத்துதிறன் 0.9-இன் ஒன்றரை அடுக்காக, அதாவது சுமார் 85 விழுக்காடாகக் குறையும் என்பது புரூகெமன் தொடர்பு. அப்போது 0.5 வோல்ட் இழப்பு 0.59 வோல்ட்டாகிறது. காந்தம் எல்லாக் குமிழிகளையும் அகற்றிவிட்டால்கூட மீட்கக்கூடியது 0.09 வோல்ட், உண்மையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மொத்தம் 2.3 வோல்ட் வாங்கும் கலத்தில் இது இரண்டு மூன்று விழுக்காடு. மின்முனைப் பரப்பில் ஒட்டிய குமிழிகள் விடுபடுவதால் மிகை மின்னழுத்தத்திலும் சிறிது குறையலாம்.

மின்னோட்ட அடர்த்தி உயர உயரக் குமிழிகளும் பெருகும், லாரன்ஸ் விசையும் பெருகும். எனவே 0.25 ஆம்பியரிலிருந்து 3 ஆம்பியர் வரை படிப்படியாக உயர்த்தி ஒவ்வொரு நிலையிலும் சோதியுங்கள். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எந்த வேறுபாடும் தெரியாமல் போவது தோல்வி அல்ல. அங்கே அகற்றுவதற்குக் குமிழிகளே இல்லை. இடைவெளியைக் குறைத்தால் கரைசலின் தடை குறையும், ஆனால் குமிழிகள் நெரிசலாகும். காந்தத்தின் தேவை கூடுவதும் அங்கேதான்.

நேர்மின்முனையில் இன்னொரு வழி

இரு திசைகளிலும் ஒரே அளவு முன்னேற்றம் தெரிந்தால், ஆக்சிஜன் உருவாகும் வினையையே காந்தம் தொட்டிருக்கலாம். ஆக்சிஜன் மூலக்கூறின் அடிநிலையில் இணையாத இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே திசைச் சுழற்சியுடன் (ஸ்பின்) இருக்கின்றன. நீரிலோ ஹைட்ராக்சைடு அயனியிலோ எல்லா எலெக்ட்ரான்களும் சோடி சேர்ந்தவை. ஆகவே வினையின்போது சுழற்சிகள் ஒழுங்குபட வேண்டியிருக்கிறது. ஃபெர்ரோ காந்த வினையூக்கியைப் புறக் காந்தம் ஒழுங்குபடுத்தினால் இந்தப் படி எளிதாகும் என்பது கருத்து. ஸ்பெயினின் தாரகோனாவில் உள்ள கட்டலோனிய வேதியியல் ஆய்வு நிறுவனத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நிக்கல்-துத்தநாக ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு சேர்ந்த காந்தப் பொருள்) பூசிய நேர்மின்முனைக்கு அருகில் அரை டெஸ்லாவுக்கும் குறைவான நிலைக்காந்தத்தைக் கொண்டுசென்றபோது, மின்னோட்ட அடர்த்தி இரட்டிப்பானதைக் காட்டினர். இதில் எவ்வளவு சுழற்சியின் பங்கு, எவ்வளவு கரைசலின் கலக்கத்தின் பங்கு என்பதில் துறையினரிடையே விவாதம் தொடர்கிறது. நீங்களே சோதிக்க விரும்பினால், நேர்மின்முனையை மட்டும் ஃபெரைட் பூசிய நிக்கல் வலையாக மாற்றி, புலத்தின் இரு திசைகளிலும் அளந்து, பூசாத வலையுடன் ஒப்பிடுங்கள்.

முற்றிலும் வேறான ஒரு வழியும் உண்டு. பிரான்சு ஆய்வாளர்கள் 2018-இல், நிக்கல் பூசிய இரும்புக் கார்பைடு நுண்துகள்களை உயர் அதிர்வெண் மாறுகாந்தப்புலத்தால் சூடாக்கி, கலம் முழுவதையும் சூடாக்காமலேயே ஆக்சிஜன் வினையின் மிகை மின்னழுத்தத்தை 0.2 வோல்ட் குறைத்தனர். அதற்குரிய மின்சுருளும் நுண்துகள்களும் நம் மேசையில் வைத்துச் செய்யக்கூடியவை அல்ல.

பெரிய கலங்களிலும் விண்வெளியிலும்

இன்றைய தொழிற்சாலைக் கலங்களில் துளையுள்ள மின்முனைகள் இடைத்திரையின் மீதே அழுந்தி நிற்கின்றன. குமிழிகள் பின்புறமாக வெளியேறுகின்றன. கரைசலை பம்ப் சுழற்றுகிறது. முன்புற இடைவெளியே இல்லாத அந்தக் கலத்தில் காந்தம் மீட்டுத்தர அதிகம் எதுவும் மிச்சமில்லை. இடைவெளியுடன் கூடிய எளிய கலங்களையும், பம்ப் வைக்க இயலாத சிறு அமைப்புகளையும் கட்டுபவர்களுக்கே இந்த முறை உதவும்.

மிதப்பு விசையே இல்லாத இடத்தில் கணக்கு தலைகீழாகிறது. எடையற்ற நிலையில் குமிழி மேலே போகாது. மின்முனையிலேயே தங்கிப் பருத்து அதை மூடிவிடும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் கருவி, வாயுவையும் நீரையும் பிரிக்கச் சுழலும் பிரிப்பானைச் சார்ந்திருக்கிறது. சுழலும் உறுப்பு என்றாலே எடையும் பராமரிப்பும் கூடவே வரும். ஜெர்மனியின் பிரெமன் நகரில் உள்ள 146 மீட்டர் உயர வீழ்கோபுரத்தில், கலத்தைக் கீழிருந்து மேல்நோக்கி எறிந்து விழவிட்டால் ஒன்பது நொடிகளுக்குச் சற்று மேல் எடையற்ற நிலை கிடைக்கும். அங்கே நடத்தி 2025-இல் வெளியான ஆய்வில், கடையில் கிடைக்கும் நிலைக்காந்தங்களைக் கொண்டே குமிழிகளை மின்முனையிலிருந்து விலக்கி, நகரும் உறுப்பு எதுவுமின்றி மின்னோட்டத்தைப் பெருமளவு உயர்த்த முடிந்திருக்கிறது. பூமியில் நாம் கட்டிய கலத்தில் மிதப்புக்குத் துணையாக மட்டும் நின்ற காந்தம்தான் அங்கே முழு வேலையையும் செய்கிறது.